காலைக் கச்சேரி

ஜூன் 4
அக்கா வீடு

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அழைப்புகள் அனைத்தும் வந்து சேர்ந்தன. எதையும் எடுக்கும் உத்தேசம் இல்லை. காத்திருந்தமைக்கு நன்றி.

இந்தக் காலத்தில் எவள் கடுதாசி எழுதுவாள் என்று தலையைச் சொறிவாய். போனில் பேசினால் என் குரல் உனக்குக் கிடைத்துவிடும். அழுதால் அது ஒரு ஐட்டம், கத்தினால் இன்னொரு ஐட்டம். இது காகிதம். முடிந்தால் என் கையெழுத்தை மேடையில் மிமிக்ரி பண்ணு, பார்க்கலாம்.

சனிக்கிழமை உங்கள் வணிக வளாகத்தின் ஊழியர் விழாவுக்கு நல்ல உடுப்பு உடுத்தி, முன்வரிசை தேடி உட்கார்ந்தேன். "எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்தான். ஆனா உள்ளுக்குள்ள கலைஞர்" என்று பக்கத்தில் இருந்த அம்மாவிடம் பெருமை வேறு. நீ மைக்கைப் பிடித்து, "அடுத்து, எங்க வீட்டுக் காலைக் கச்சேரி" என்றாய். அப்புறம் உன் வாயிலிருந்து நான் வந்தேன்.

"ஈரத் துண்டக் கட்டில்ல போடாதன்னு எத்தன வாட்டி சொல்றது? குளிச்சிட்டு வந்தது நீயா, கட்டிலா?"

அரங்கமே உருண்டது. பக்கத்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பாவம்மா இந்தப் புள்ள, இவள வச்சு எப்படித்தான் குடும்பம் நடத்துதோ" என்றார். "ஆமாங்க, ரொம்பப் பாவம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

நேற்று பஸ் நிறுத்தத்தில் உங்கள் வளாகத்துச் செருப்புக் கடைப் பெண் ஓடி வந்தாள். "அக்கா, நீங்கதானே அது? அந்தக் கட்டில் டயலாக் ஒருவாட்டி சொல்லுங்கக்கா, ப்ளீஸ்!" பஸ்ஸுக்கு நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பஸ்ஸையே மாற்றிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன்.

தேடி வராதே. அக்கா கையில் துணி வெட்டும் கத்தரி எப்போதும் இருக்கிறது.

இப்படிக்கு,
கச்சேரிக்காரி

*

ஜூன் 7
நம் வீடு

அன்புள்ள மேடத்துக்கு,

நலம். நலம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதினேன். மற்றபடி வீடு கிடக்கிற கிடையை நீ பார்க்காமல் இருப்பதே நல்லது.

ஒரு தமாஷுக்கு இவ்வளவு கோபமா? ஊரில் ஒவ்வொருவன் பொழுதுபோக்கு என்ற பெயரில் சீட்டாடுகிறான், குடிக்கிறான். நான் நாலு குரல் பேசுகிறேன். அதற்கு வீட்டை விட்டுப் போன ஒரே பெண்டாட்டி நீதான்.

எனக்கு இது எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். வேலை பழகின புதிதில் லிஃப்ட் குழிக்குள் என்னைத் தனியாக இறக்கிவிட்டு மேஸ்திரி டீ குடிக்கப் போய்விட்டார். கும்மிருட்டு. தலைக்கு மேலே பெட்டி தொங்குகிறது. பயத்தில் மேஸ்திரி குரலிலேயே என்னை நான் திட்டிக்கொண்டேன்: "டேய், என்னடா முழிக்கிற, ஸ்பேனர எடுடா!" சுவர் அதைத் திருப்பிச் சொன்னது. பயம் போய்விட்டது. அன்றிலிருந்து யார் குரல் பிடித்தாலும் எடுத்து வைத்துக்கொள்வேன். பிடிக்காத குரல் என் தொண்டையில் நிற்காது. இதைப் புரிந்துகொள்.

உன்னையே எப்படிப் பிடித்தேன்? எங்கள் ஆபீஸ் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனது. புகார் எண்ணுக்கு அடித்தேன், நீ எடுத்தாய். ஃப்ரிட்ஜ் சரியாகிவிட்டது, நான் ஆகவில்லை. நீ கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப அடித்தேன். ஒரு நாள் ஓய்வுபெற்ற நீதிபதி, ஒரு நாள் ஓட்டல் முதலாளி, ஒரு நாள் கோபக்கார டீச்சரம்மா. அந்த டீச்சரம்மாவை நீ எப்படிப் பிடித்தாய்! "மேடம், உங்க சளி நேத்து ஜட்ஜ் சாருக்கும் இருந்துச்சு." என் வாழ்க்கையில் என்னைக் கண்டுபிடித்த ஒரே ஆள் நீ. அந்த மேடத்தின் குரலை மேடையில் ஏற்றினால் அது மரியாதை இல்லையா?

இன்னொன்று. மாதக் கடைசி ஞாயிறு எங்கள் புதிய கிளை திறப்பு விழா. பெரிய மேடை. மேனேஜர் அந்த ஐட்டம்தான் வேண்டும் என்கிறார். அதற்குள் வந்துவிடு.

உன்,
கஸ்டமர்

பி.கு.: குக்கர் ரப்பரை எங்கே வைத்திருக்கிறாய்?

*

ஜூன் 11
அக்கா வீடு

கஸ்டமருக்கு,

குக்கர் ரப்பர் குக்கர் மூடிக்குள் இருக்கிறது. அதன் பிறந்த வீடே அதுதான்.

மரியாதை என்று எழுதியிருக்கிறாய். சரி, என் குரலின் ஒரு நாளைச் சொல்கிறேன், கேள்.

காலையில் ஹெட்போனை மாட்டினால் முதல் ஆள் ஃப்ரிட்ஜில் தண்ணீர் ஒழுகுகிறது என்று என் குடும்பத்தையே திட்டுவான். "தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறேன் சார்." அடுத்தவன் ஐஸ் வரவில்லை என்பான். இன்னொருவன் புகார் ஒன்றும் இல்லாமல் "என்ன உடுத்திருக்க?" என்பான். அவனுக்கும் "வேறு ஏதேனும் உதவி தேவையா சார்?" இதையெல்லாம் சூப்பர்வைசர் ஒட்டுக்கேட்டு மதிப்பெண் போடுவாள். அந்தத் தாளில் 'குரலில் புன்னகை' என்று ஒரு கட்டம் உண்டு. திட்டு வாங்கும்போது சிரிக்காவிட்டால் அதில் எனக்கு முட்டை.

போன மாதம் ஊழியர் நலனுக்கென்று ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'தூக்கம்' என்று எழுதினேன். கூப்பிட்டு, "ஏதாவது பாசிட்டிவா எழுதுங்கம்மா" என்றார்கள். "ஆழ்ந்த தூக்கம்னு போட்டுக்கட்டுமா?" என்று கேட்டேன். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அங்கே சம்பளம் வாங்காமல் யாரும் புன்னகைக்க மாட்டார்கள்.

ஆக, பகலெல்லாம் என் குரல் கம்பெனிக்கு. எனக்கென்று கிடைப்பது நம் வீட்டுக் காலைதான். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தால் கோபமாகவே பேச முடியும். அந்த மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு போய் மைக் வைத்து விற்றாய்.

கல்யாணமான புதிதில் என்னை என் ஆபீஸ் குரலிலேயே எழுப்புவாய், "தங்கள் தூக்கம் எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று. நான் சிரித்துச் சிரித்துக் கட்டிலை விட்டே விழுந்திருக்கிறேன். அது நம் இரண்டு பேருக்குள் இருந்தது. அப்போது நீ கேலி செய்தது என் கம்பெனியை. இப்போது கேலி செய்வது என்னை.

இன்னொன்று கவனித்தாயா? உன் ஐட்டத்தில் நான் மட்டும்தான் இருக்கிறேன். ஒரு பைத்தியக்காரி, காரணமே இல்லாமல், கட்டிலைப் பார்த்துக் கத்துகிறாள். துண்டைப் போட்டவனை எங்கே காணோம்? அவனை மட்டும் வெட்டிவிட்டாயே, கலைஞரே!

மறுபடி அந்த ஐட்டத்தைச் செய்தால் நான் வரமாட்டேன். இது புகார் இல்லை, தகவல்.

இப்படிக்கு,
கட்டிலைத் திட்டுகிறவள்

*

ஜூன் 16
நம் வீடு

அன்புள்ள மேடத்துக்கு,

மேனேஜரிடம் அந்த ஐட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். "வேற என்னய்யா வச்சிருக்க?" என்றார். தவளை, துளை போடும் மிஷின், குழந்தை விக்கல், லிஃப்ட் கதவு எல்லாம் செய்துகாட்டினேன். கதவுக்கு மட்டும் திரும்பிப் பார்த்தார். அதுவும் பின்னால் நிஜ லிஃப்ட் திறந்ததால்.

ஆனால் இப்போது எழுதுவது அதற்காக இல்லை. எனக்கு ஒரு நியாயம் தெரிந்தாக வேண்டும்.

நீ போனதிலிருந்து எனக்கு விடிவதில்லை. அலாரம் அதுபாட்டுக்கு அடிக்கிறது, நான்பாட்டுக்குத் தூங்குகிறேன். இரண்டு முறை வேலைக்கு லேட். நேற்று குளியலறைக்குள் நின்று, தூக்கம் கலையட்டும் என்று உன் குரலில் என்னை நானே நாலு வாங்கு வாங்கினேன். நன்றாக வேலை செய்தது. வெளியே ஒரு சத்தம்: "அடியே, வந்துட்டியா!"

கீழ்வீட்டு அக்கா. வாசல் கதவைத் தாழ் போட மறந்திருக்கிறேன். "நான்தான்க்கா" என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு இன்னும் உன் குரலில் இருந்தது. "குளிச்சிட்டிருக்கேன்க்கா!" என்று வந்துவிட்டது.

அவ்வளவுதான். நாற்காலியை இழுத்துக் குளியலறைக் கதவோரம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றுகிறேன்.

"எதுக்குடி அதுக்குள்ள வந்த? நல்லாக் காய விட்டாத்தானே புத்தி வரும்?"

"மனசு கேக்கலக்கா."

"ஒம் மனசத் தூக்கிக் குப்பைல போடு. அந்த மனுசனுக்குக் குப்பையக் கீழ கொண்டாந்து வைக்கத் துப்பில்ல. படியிலயே வச்சுட்டுப் போறாரு, பூனைக்கு விருந்து."

"நல்ல மனுசன்தான்க்கா அவரு."

"யாரு, அவரா? மாடில துணி காயப்போடுறப்ப நீதானே அவர மாதிரியே செஞ்சு காட்டுவ? மூஞ்சிய அப்படியே போனுக்குள்ள வச்சுக்கிட்டு, 'எங்க வச்ச?'ன்னு! எனக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் சிரிச்சு வயிறு புண்ணாயிடும். ஒருவாட்டி செய்டி, கேட்டு எத்தன நாளாச்சு!"

என் நிலைமையை யோசித்துப் பார். உன் குரலில் இருந்துகொண்டு, நீ என்னைச் செய்வதுபோல, நான் என்னைச் செய்ய வேண்டும். "எங்க வச்ச?" என்றேன்.

அக்கா, "ம்ஹூம். இன்னிக்கு சரியில்ல. அவரு மாதிரியே இல்ல" என்று எழுந்து போய்விட்டார்.

இந்த அவமானம் எந்தக் கலைஞனுக்கும் வரக்கூடாது. நீ மொட்டைமாடியில் என்னைச் செய்தால் அது சிரிப்பு, நான் மேடையில் உன்னைச் செய்தால் அது குற்றமா? எத்தனை நாளாக நடக்கிறது இது?

உன்,
அவன் மாதிரியே இல்லாதவன்

பி.கு.: நீ வந்துவிட்டதாக அக்கா குடியிருப்பு முழுக்கச் சொல்லிவிட்டார். யார் கேட்டாலும் நீ தூங்குவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

*

ஜூன் 19
அக்கா வீடு

கஸ்டமருக்கு,

உன் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக்காட்டினேன். அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டைக்குக் கை இருக்க வேண்டிய இடத்தில் பாக்கெட்டை வைத்துத் தைத்துவிட்டாள். வாடிக்கையாளர் கேட்டால் உன் பெயரைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

கீழ்வீட்டு அக்கா எனக்கும் போன் செய்தார். "இப்பத்தானே பேசிட்டு வந்தேன், அதுக்குள்ள பஸ் சத்தம் கேக்குது?" என்றார். "ஆமாக்கா, வேகமாக் குளிச்சிட்டேன்" என்றேன். உனக்காகச் சொன்ன பொய் அது. இருவரில் ஒருவருக்காவது மானம் மிஞ்சட்டும் என்று.

ஆமாம், செய்கிறேன். கல்யாணமான இரண்டாம் வருஷத்திலிருந்து செய்கிறேன். மொட்டைமாடியில், மூன்று பெண்கள் மட்டும் இருக்கும்போது, கையில் ஈரத் துணியோடு. எங்களுக்கு யாரும் மேடை போடவில்லை, சீரியல் லைட் கட்டவில்லை. மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவளைப் பார்த்துச் சிரித்தால் அதற்குப் பெயர் விழா. கீழே இருக்கிறவள் சிரித்தால் வம்பு. நியாயம் கேட்டாயே, இதுதான் அந்த நியாயம்.

ஆனால் உன் கேள்வியை இரண்டு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். நீ செய்தால் எனக்கு வலிக்கிறது, நான் செய்தால் உனக்கு வலிக்கிறது. அப்படியானால் ஒளித்து என்ன பிரயோசனம்? உன் மேனேஜரிடம் சொல். காலைக் கச்சேரி உண்டு. ஆனால் முழுக் கச்சேரி. நீ என்னைச் செய், நான் உன்னைச் செய்கிறேன். வெட்டு கிடையாது.

ஒத்திகையும் கிடையாது. தினம் தினம் பார்த்தாயிற்று.

மேடைக்கு வருவதால் வீட்டுக்கு வருவதாக அர்த்தமில்லை. விழா முடிந்ததும் அக்கா வீட்டு பஸ் பிடிப்பேன்.

இப்படிக்கு,
உன் ஜோடி (அன்று மட்டும்)

*

ஜூன் 23
நம் வீடு

அன்புள்ள மேடத்துக்கு,

மேனேஜர் துள்ளிக் குதித்துவிட்டார். "புருஷன் பொண்டாட்டி ஜோடியா? பேனர்லயே போட்டுடலாம்யா!" என்றார். என்ன செய்யப்போகிறோம் என்று கேட்கவே இல்லை.

தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சில குறிப்புகள். மைக்கை வாயோடு ஒட்டாதே. சிரிப்பு வந்தால் அது அடங்கும்வரை அடுத்த வரியைச் சொல்லாதே. என் குரலுக்கு அடித்தொண்டை வேண்டும், மூக்கால் பேசாதே, நான் மூக்கால் பேசுகிறவன் இல்லை.

அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள். ரொம்பக் கேவலமாகச் செய்துவிடாதே. எங்கள் லிஃப்ட் பிரிவு மொத்தமும் வருகிறது. மறுநாள் அவர்கள் முகத்தில் நான்தான் விழிக்க வேண்டும்.

இதை எழுதிவிட்டு ஒரு முறை படித்துப் பார்த்தேன். நீ என்ன சொல்வாய் என்று உன் குரலிலேயே கேட்டுவிட்டது. அதனால் வேண்டுகோளை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

உன்,
கஸ்டமர்

பி.கு.: என் நீலச் சட்டை எங்கே? (பதில் வேண்டாம். தேடுகிறேன்.)

*

ஜூலை 2
நம் வீடு

அன்புள்ள மேடத்துக்கு,

நீ பாட்டுக்கு மேடையை விட்டு இறங்கி பஸ் ஏறிவிட்டாய். பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஆனால் முதலில் மேடையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கட்டில் வரியை மேடையிலும் வேலையிடத்திலும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சொன்னதும் சிரிப்பு வரும், அடுத்த வரிக்குப் போவேன். அன்றைக்குத்தான் முதல் முறையாக அதற்குப் பதில் வந்தது. "எந்தத் துண்டு?" என் குரல். நீ நாற்காலியில் சரிந்து, கையில் இல்லாத போனை விரலால் தள்ளிக்கொண்டு, தலையைக்கூடத் தூக்காமல். எனக்கு அடுத்த வரி மறந்தே போய்விட்டது.

அப்புறம் அந்த "ம்". சம்பளம் வந்துச்சா, ம். கரண்ட் போயிடுச்சு, ம். எனக்கு உடம்பு சரியில்ல, ம். ஒரே எழுத்தில் என்னை இவ்வளவு பேர் முன்னால் உரித்துவிட்டாயே! முன்வரிசையில் கோட்டு போட்டவர்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இருந்தார்கள். பின்னால் தரை துடைக்கிறவர்கள், துணிக்கடைப் பெண்கள், அந்தச் செருப்புக் கடைப் பெண் எல்லோரும் சிரித்த சிரிப்பில் மைக்கே கிறீச்சிட்டது. எங்கள் பிரிவுப் பையன்கள் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தனும் பக்கத்தில் இருந்த பெண்டாட்டியை ஓரக்கண்ணால் பார்த்தான்.

கடைசியில் நான் ஒரு வரி சொன்னேனே, "எனக்கு இன்னிக்கு ரெண்டு ஷிஃப்ட்டுப்பா, நீ சமைச்சிடறியா?" என்று. அது நான் எழுதி வைத்ததில்லை. உன் குரலுக்குள் நின்றதும் தானாக வந்தது. வந்த பிறகுதான் நினைவு வந்தது, நீ அதை நிஜமாகவே ஒரு நாள் கேட்டிருக்கிறாய். நீ என் குரலில் சொன்ன பதிலும் நான் அன்று சொன்னதேதான். "உனக்குத்தான் நல்லா வரும்."

அன்றைக்கு உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. அந்தப் பதிலைக் கேட்டு நின்றவன் நானாகிவிட்டேன்.

விழா முடிந்து மேனேஜர் கூப்பிட்டார். "தம்பி, உங்க மிஸ்ஸஸ் போர்ஷன் கொஞ்சம் ஓவர். அடுத்த மாசம் இன்னொரு கிளை திறக்கறோம். பழையபடி நீங்க மட்டும் பண்ணுங்க. ஃபேமிலி ஆடியன்ஸ் பாருங்க."

"ஃபேமிலிதான் சார் அது" என்றேன்.

"என்னய்யா?"

"ரெண்டு பேருன்னா வர்றோம் சார். இல்லன்னா லிஃப்ட் பாக்கறேன்."

லிஃப்ட்டே பார் என்று சொல்லிவிட்டார். நேற்றிலிருந்து சரக்கு லிஃப்ட்டில் போட்டிருக்கிறார்கள். அங்கே கேட்பதற்கு ஆளில்லை, மூட்டைகள்தான். பரவாயில்லை.

நீ வருவாயா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அதையும் நீ செய்துகாட்டுவாய்.

உன்,
கஸ்டமர்

*

ஜூலை 5
அக்கா வீடு

கஸ்டமருக்கு,

மூக்கால் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாயே, பேசுகிறாய். மேடையில் அதைக் குறைத்துத்தான் செய்தேன்.

சூப்பர்வைசர் விழாவுக்கு வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை என் மேஜைக்கு வந்து நின்றாள். ஏதோ மதிப்பெண் குறைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். குனிந்து காதுக்குள், "அந்த 'ம்' மட்டும் ஒருவாட்டி" என்றாள். செய்தேன். வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். ஆனால் இரண்டு மணி நேரத்தில் யாரோ ஒருவனிடம் நான் சிரிக்காமல் பேசினேன் என்று முட்டையும் போட்டாள். வேலை வேலைதானே.

அக்கா வீட்டுக்காரர் நேற்று, தலையில் மூக்குக் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு, "என் கண்ணாடிய எங்கம்மா வச்ச?" என்று என்னைக் கேட்டார். என்னை! நான் விருந்தாளி. எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தக் கேள்வி எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. அக்கா கத்தரியை ஓங்கிக்கொண்டு அவரைத் துரத்தியபோது எனக்கு நம் வீட்டு ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், அதற்குமேல் உருகிவிட்டேன் என்று நினைக்காதே.

மேனேஜரிடம் நீ சொன்னதை மூன்று முறை படித்தேன். மேடை போய்விட்டதே என்று வருத்தமாக இருந்தால், மொட்டைமாடிக்கு வா. துணி காயப்போடும் நேரத்துக்கு வரவேண்டும், சும்மா வரக்கூடாது, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். கீழ்வீட்டு அக்காவும் எதிர்வீட்டுக்காரியும் சம்மதித்தால் உனக்கும் ஒரு ஐட்டம் உண்டு. அவர்கள் லேசில் சிரிக்கிறவர்கள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஒன்றே ஒன்று. திங்கட்கிழமையிலிருந்து முதலில் எழுகிறவன் நீ. டீ போட்ட பிறகு என்னை எழுப்பு. ஜட்ஜ் குரலில் எழுப்பு, டீச்சரம்மா குரலில் எழுப்பு, தவளைக் குரலில்கூட எழுப்பு.

என் குரலில் மட்டும் வேண்டாம். அது அப்போது தூங்கிக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
மேடம்